வெற்றிடத்துக்குள் ஒரு மணியோசை

(பி.எஸ்ஸி. இயற்பியல், 1984–87 அணி)

மலர்க் குழு நண்பர்கள் போன் செய்து, "கல்லூரி நினைவு ஏதாவது எழுதிக் கொடுப்பா" என்றார்கள். ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றியும் கட் அடித்துப் பார்த்த சினிமாக்களைப் பற்றியும் எழுத என்னைவிடக் கைதேர்ந்தவர்கள் நம் அணியில் நிறையப் பேர் உண்டு. நான் எழுத நினைப்பது நம் இயற்பியல் லேபில் நான் தோற்றுப்போன ஒரு சோதனையைப் பற்றி. எனக்கு முந்நூறு வருஷம் முன்னால் அதே இடத்தில் தடுக்கி விழுந்த சில பெரிய மனிதர்களைப் பற்றியும்தான்.

எங்கள் வீடு ஒரு தறிக்குடோனை ஒட்டி இருந்தது. எட்டு விசைத்தறி. அப்பா அங்கே கூலிக்குத் தறி ஓட்டினார். நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் அடிபடும் ஒவ்வொரு முறையும் ஒரு 'டக்'. நிமிஷத்துக்கு நூறுக்கு மேற்பட்ட 'டக்', எட்டுத் தறிக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த மாதிரிக் கொட்டகைக்குள் சத்தம் 100 டெசிபலை ஒட்டி இருக்கும். சாப்பிடக் கூப்பிட அம்மா வாயைத் திறக்கவே மாட்டார். போய் அப்பாவின் தோளைத் தொடுவார். வீட்டுக்கு வந்த பிறகும் அப்பா எங்களோடு கத்தித்தான் பேசுவார். அவருக்குக் கோபம் என்றே சின்ன வயதில் நினைத்திருந்தேன். காது போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிய எனக்குப் பதினெட்டு வயதாக வேண்டியிருந்தது.

இரண்டாம் வருஷம் லேபில் அந்தச் சோதனையைக் காட்டினார்கள். உங்களுக்கும் நினைவிருக்கும். கண்ணாடி மணி ஜாடிக்குள் மின்சார மணி. பம்ப் காற்றை உறிஞ்ச உறிஞ்ச மணியோசை தேய்ந்துபோகும். சுத்தியல் அடிப்பது மட்டும் கண்ணுக்குத் தெரியும். "ஒலி பரவ ஊடகம் தேவை" என்று ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். மற்றவர்கள் அதோடு விட்டுவிட்டார்கள். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. காற்றை எடுத்தால் சத்தம் போய்விடும் என்றால், தறியைச் சுற்றி ஒரு வெற்றிடத்தை வைத்துவிட்டால் என்ன?

மறுநாள் எங்கள் ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "என்னப்பா, தறியைத் தெர்மாஸ் பிளாஸ்க்குல போடப் போறியா?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சிவந்தது. அவர் சிரிக்கவில்லை. "மன்றக் கண்காட்சி வருதில்ல, செஞ்சு காட்டு. ஆகாதுன்னு நான் சொல்றதைவிட நீயே பார்த்தா நல்லா இருக்கும்" என்றார்.

நசுங்கிய டின்

முதலில் மெஸ்ஸிலிருந்து இரண்டு டின் வாங்கினேன். ஒன்று 15 கிலோ எண்ணெய் டின். இன்னொன்று அதற்குள் நுழையும் சின்ன டின். சின்ன டின்னுக்குள் ஒரு அலாரம் டைம்பீஸ், இரண்டு டின்னுக்கும் நடுவில் வெற்றிடம் என்பது திட்டம். ஈயம் பூசி மூடி, பம்பை இணைத்தேன். பத்தே வினாடி. 'டமார்' என்று பெரிய டின் சின்ன டின்மேல் அப்பளம் மாதிரி அப்பிக்கொண்டது. பக்கத்து வகுப்பிலிருந்து ஓடி வந்து பார்த்தார்கள்.

காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 10 டன். எண்ணெய் டின்னின் ஒரு பக்கம் 23 சென்டிமீட்டருக்கு 35 சென்டிமீட்டர். முழு வெற்றிடமானால் அதன்மேல் முக்கால் டன்னுக்கு மேல் அழுத்தும். புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் அது ஒரு எண் இல்லை, ஒரு கை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஒரு தறியை மூடும் பெட்டியின் ஒரு பக்கம் நாலு சதுர மீட்டர் வரும். அப்படியானால் 40 டன்!

"கவலைப்படாதே, உனக்கு முன்னாடி ஒரு மேயருக்கும் இதே ஆச்சு" என்றார் ஆசிரியர். ஜெர்மனியில் மாக்டபர்க் நகரின் மேயராக இருந்த ஆட்டோ வான் கெரிக்தான் அவர். வெற்றிடம் என்று ஒன்று இருக்கவே முடியாது என்று ஐரோப்பாவில் பண்டிதர்கள் வாதாடிய காலம். பேசித் தீராது, செய்து பார்ப்போம் என்று இறங்கினார். முதலில் பீர்ப் பீப்பாயில் நீரை நிரப்பி, அந்த நீரைப் பம்ப் வைத்து இழுத்தார். மர இடுக்குகள் வழியே காற்று உள்ளே புகுந்தது. பிறகு செம்பில் ஒரு கோளம் செய்து நேராகக் காற்றையே இழுத்தார். அது பெரும் சத்தத்தோடு நசுங்கிப்போனது. இன்னும் கெட்டியாக, இன்னும் சரியான உருண்டையாக மறுபடி செய்தார். அது நின்றது. இரண்டு அரைக்கோளங்களைக் குதிரைகள் இழுத்தும் பிரிக்க முடியாத கதை எல்லாருக்கும் தெரியும். அதே மனிதர் அந்தப் பாத்திரத்துக்குள் கடிகார விசையால் அடிக்கும் மணியை வைத்து, காற்றுக் குறையக் குறைய ஓசையும் குறைவதைக் கண்டார் என்பது அவ்வளவாகத் தெரியாது. 1672ல் வெளியான தன் நூலில் இதையெல்லாம் எழுதிவைத்தார்.

ஏன் உருண்டை? உருண்டையான பாத்திரம் அழுத்தத்தை எல்லாப் பக்கமும் சமமாகப் பகிர்ந்துகொள்ளும். தட்டையான சுவர் உள்ளே குழியும். தறிக்கு உருண்டையான கூண்டு கட்ட முடியாதே! தட்டைச் சுவர் நிற்க வேண்டுமானால் நடுவில் முட்டுக் கொடுக்க வேண்டும். அந்த முட்டுதான் அடுத்த வில்லங்கம்.

ரோமாபுரியில் கேட்ட மணி

டின்னை விட்டுவிட்டு மணி ஜாடிக்கே திரும்பினேன். டைம்பீஸை அடித்தட்டின்மேல் வைத்து, ஜாடியை மூடி, கிரீஸ் தடவி, பம்பை ஓட்டினேன். நம் லேபின் பம்பே தறி மாதிரி கத்தும். சத்தத்தை ஒழிக்க வந்த சாமானே சத்தம் போட்டதைப் பார்த்து எல்லாரும் சிரித்தோம். பம்பை நிறுத்தி, வால்வை மூடிவிட்டுக் காதைக் கொடுத்தேன். அலாரம் கேட்டது! குறைந்திருந்தது, ஆனால் நன்றாகவே கேட்டது. மேசையில் காதை வைத்தால் இன்னும் தெளிவாகக் கேட்டது.

இந்த ஏமாற்றத்துக்கும் ஒரு பழைய சரித்திரம் உண்டு. 1640களின் தொடக்கத்தில் ரோம் நகரத்தில் காஸ்பரோ பெர்ட்டி என்பவர் தன் வீட்டுச் சுவரோரமாகப் பத்து மீட்டருக்கும் அதிக உயரமான ஈயக் குழாயை நிறுத்தி, நீரை நிரப்பி, அடியைத் திறந்துவிட்டார். நீர் ஓரளவு இறங்கி நின்றது. மேலே கண்ணாடிப் பாத்திரத்தில் ஒரு காலியிடம். அது வெற்றிடமா இல்லையா? உள்ளே ஒரு மணியை வைத்துப் பார்க்கலாம் என்ற யோசனையைச் சொன்னவர் இயேசு சபைத் துறவி அதனாசியஸ் கிர்ச்சர். வெளியிலிருந்து காந்தத்தால் சுத்தியலை அசைத்தார்கள். மணி தெளிவாகக் கேட்டது. கிர்ச்சர் முடிவு கட்டிவிட்டார்: ஓசை வருகிறது, ஆகவே உள்ளே காற்று இருக்கிறது, ஆகவே வெற்றிடம் என்பதே பொய்.

சோதனை தப்பில்லை, முடிவுதான் தப்பு. மணியைத் தாங்கிய கம்பி பாத்திரத்தைத் தொட்டுக்கொண்டிருந்ததே! ஓசை காற்று வழியாக வராமல் கம்பி வழியாக நடந்து வந்தது.

இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் பிரித்துக் காட்டியவர் இங்கிலாந்தின் ராபர்ட் பாயில். அவருக்குப் பம்ப் செய்து கொடுத்தவர், நாம் ஸ்பிரிங் விதியில் படித்த அதே ராபர்ட் ஹூக். 1660ல் வந்த பாயிலின் நூலில் 27ஆம் சோதனை இதுதான். ஒரு கடிகாரத்தை நூலில் கட்டிப் பாத்திரத்துக்குள் தொங்கவிட்டார். காற்றை எடுத்ததும் 'டிக் டிக்' அடங்கிப்போனது. இன்னொரு தடவை ஒரு மணியை வளைந்த குச்சியில் பொருத்தினார். குச்சியின் இரண்டு முனையும் பாத்திரத்தின் உள்சுவரை அழுத்திக்கொண்டு நின்றன. இப்போது காற்றை எடுத்தும் ஓசையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பாத்திரமும் அதேதான், பம்பும் அதேதான். ஒன்றில் நூல், இன்னொன்றில் குச்சி. அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் இதை அப்போது படித்திருக்கவில்லை. படிக்காமலேயே விடை கண்டவர் எங்கள் லேப் அட்டெண்டர் அண்ணன். அவர் என் முழியைப் பார்த்துவிட்டு, "தம்பி, அது கால் வழியா வருது. தூக்கித் தொங்க விடு" என்றார். பழைய சைக்கிள் ட்யூபைக் கத்தரித்து நாலு பட்டை கொடுத்தார். ஒரு ஸ்டாண்டில் அந்த ரப்பர்ப் பட்டைகளில் டைம்பீஸைத் தொட்டில் மாதிரி கட்டினோம். பம்ப் ஓடி நின்றது. அலாரத்தின் சுத்தியல் துடிப்பது தெரிந்தது, சத்தம் இல்லை. நாங்கள் நாலு பேரும் மூச்சுகூட விடாமல் நின்றோம்.

தறிக்கு ஏன் ஆகாது?

இங்கே ஒரு சின்னக் கணக்கு. இன்றைய மாணவர்களுக்கு இது பயன்படும். இயந்திரத்தின் ஒலி ஆற்றலில் நூற்றில் ஒரு பங்கு கால்கள் வழியாகத் தரைக்கும் சுவருக்கும் போய் அங்கிருந்து மறுபடி சத்தமாக வெளிவருகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 99 பங்கை வெற்றிடம் முழுசாக விழுங்கினாலும் மொத்தக் குறைவு 20 டெசிபல்தான். அதற்கு மேல் எவ்வளவு நல்ல பம்ப் போட்டாலும் ஒரு டெசிபல்கூட இறங்காது. 100 டெசிபல் தறி 80க்கு வந்து நிற்கும். முதலில் அடைக்க வேண்டியது காலைத்தான்.

இன்னொன்று. மணி ஜாடியில் ஓசை அடங்குவதற்குக் காரணம் 'காற்றே இல்லை' என்பதல்ல. சாதாரணப் பம்ப் காற்றை நூற்றில் ஒரு பங்காகக் குறைக்கும். அந்த மெல்லிய காற்றிலும் ஒலி போகும், அதே வேகத்தில் போகும். ஆனால் மணியின் உலோகம் அவ்வளவு மெல்லிய காற்றைத் தள்ளும்போது கைக்குப் பிடிமானமே கிடைப்பதில்லை. மெல்லிய காற்றும் கண்ணாடியைத் தள்ள வலுவில்லாமல் திரும்பிவிடுகிறது. 1948லேயே ஆர்.பி.லிண்ட்சே என்ற இயற்பியலாளர் அமெரிக்க இயற்பியல் ஆசிரியர்களின் இதழில் இதை விளக்கினார். நாங்கள் 1986ல் பழைய விளக்கத்தைத்தான் எழுதினோம். செவ்வாய்க் கிரகத்தின் காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் 2021ல் பெர்சிவரன்ஸ் ஊர்தியின் மைக்ரோபோன் அங்கே காற்று வீசுவதையும், குட்டி ஹெலிகாப்டரின் இரைச்சலையும் மெலிதாகப் பதிவு செய்து அனுப்பியது.

அடுத்த சிக்கல் சூடு. ஆசிரியர் தெர்மாஸ் பிளாஸ்க் என்றது வெறும் கிண்டல் இல்லை. 1892ல் ஜேம்ஸ் டூவர் இரட்டைச் சுவர் வைத்து நடுவில் வெற்றிடம் அமைத்தது, சூடு கடக்காமல் இருப்பதற்காக. சத்தத்தைப் பூட்டும் அதே பூட்டு சூட்டையும் பூட்டும். மோட்டாரோ என்ஜினோ அதற்குள் ஓடினால் வெந்துபோகும். டீசல் என்ஜினுக்கு மூச்சுவிடக் காற்றும் வேண்டும். ஓட்டை வைத்தால் வெற்றிடம் ஏது?

முட்டுக் கொடுக்கும் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவில் வெற்றிடம் வைத்த ஜன்னல் வேண்டும் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜெர்மனியில் கனவு கண்டார்கள். சிட்னி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் காலின்ஸ் குழுவினர் அதை உருப்படியாகச் செய்து காட்டியது 1989ல்தான். தகடுகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் கண்ணுக்கு எளிதில் தெரியாத குட்டித் தூண்களை வரிசையாக நட்டார்கள். சூட்டைத் தடுப்பதில் அந்த ஜன்னல் கெட்டிக்காரன். சத்தத்தை ஓரளவுதான் தடுக்கும். அத்தனை தூணும் பாயிலின் குச்சிகள் அல்லவா!

கண்காட்சியில் எனக்கு ஆறுதல் பரிசு கூடக் கிடைக்கவில்லை. தறிக்குடோன் மாதிரி ஒன்றை அட்டையில் செய்து வைத்திருந்தேன். நடுவராக வந்தவர் ஒரே கேள்வி கேட்டார்: "தறியைச் சுத்தி வெற்றிடம் வெச்சா, அறுந்த நூலை யார் தம்பி முடிவாங்க?" பதில் இல்லை. என் மாதிரியில் தறி இருந்தது. தறி ஓட்டுகிறவருக்கு இடமே இல்லை.

ஜெனரேட்டரும் நூலும்

படிப்பு முடிந்து ஜெனரேட்டர் பராமரிக்கும் வேலைக்குப் போனேன். முப்பது வருஷத்துக்கு மேல் சத்தத்தோடுதான் பிழைப்பு. நம் நாட்டில் 2002ல் மத்திய அரசு அறிவித்த விதிப்படி, 1000 கேவிஏ வரையிலான டீசல் ஜெனரேட்டர் ஒரு மீட்டர் தள்ளி 75 டெசிபலுக்கு மேல் சத்தம் போடக்கூடாது. அதை எப்படிச் சாதிக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கனமான தகட்டில் கூண்டு. உள்ளே ராக்வுல் அல்லது நுரைப்பஞ்சு. காற்று வரவும் போகவும் சத்தத்தை உறிஞ்சும் வளைவுப் பாதை. அடியில் ரப்பர்க் கால்கள். வெற்றிடம் எங்கேயும் இல்லை. ஆனால் அட்டெண்டர் அண்ணனின் சைக்கிள் ட்யூப் இருக்கிறது!

உங்கள் வீட்டு பிரிட்ஜிலும் அதுதான். கறுப்பு உருண்டையாக இருக்கும் கம்ப்ரசருக்குள் மோட்டாரும் பிஸ்டனும் ஸ்பிரிங்குகள்மேல் நிற்கின்றன. வெளி ஓட்டை நேராகத் தொடுவதில்லை. ஓடுகிறதா என்று கையை வைத்துப் பார்க்கும் அளவுக்கு அது அமைதியாக இருப்பதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம்.

வெற்றிடமும் தொங்கலும் ஒன்றாகச் சேர்ந்த இடமும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் லைகோ ஆய்வகத்தில் 4 கிலோமீட்டர் நீளக் குழாய்களை முழு வெற்றிடமாக்கி, 40 கிலோ எடையுள்ள கண்ணாடிகளை மெல்லிய சிலிக்கா இழைகளில் தொங்கவிட்டிருக்கிறார்கள். காற்று வழிச் சத்தமும் வராது, தரை வழி அதிர்வும் அநேகமாக வராது. அந்த அமைதியில்தான் 2015 செப்டம்பர் 14 அன்று ஈர்ப்பு அலையை முதன்முதலாகக் கேட்டார்கள். பாயில் கடிகாரத்தை நூலில் தொங்கவிட்டதன் பேரன் என்று அதைச் சொல்லலாம். அதே மாதிரி ஒன்றை மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் அமைக்க 2023ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. இன்றைய மாணவர்களில் யாராவது அங்கே போய் வேலை பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

கடைசியாக, மனதில் கிடப்பதைச் சொல்லிவிடுகிறேன். முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு காதடைப்பான் வாங்கிப் போனேன். அவர் போட்டுப் பார்த்துவிட்டு உடனே கழற்றிவிட்டார். "நூல் அறுந்தா சத்தத்துலதான் கண்ணு தெரியும். இதைப் போட்டா துணி பாழாப் போயிரும்" என்றார். பாழான துணிக்குக் கூலியில் பிடிப்பார்கள். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. பிற்பாடு எங்கள் மெக்கானிக்குகள் காதடைப்பான் போட்டுக்கொண்டே என்ஜின் தடுமாறுவதைக் கண்டுபிடிப்பதைப் பார்த்தேன். கொஞ்ச நாள் பழகினால் போதும். இதைப் போய் அப்பாவிடம் சொல்லி, பக்கத்தில் இருந்து பழக்கியிருக்கலாம். நான் ஊருக்கு வந்தபோதெல்லாம் ஒரு நாளில் கிளம்பினேன். நாற்பது டன் அழுத்தத்தைத் தாங்கும் கூண்டைப் பற்றி ஒரு வருஷம் யோசித்தவன், கட்டைவிரல் அளவு நுரைத் துண்டுக்கு ஒரு வாரம் ஒதுக்கவில்லை. அப்பாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. தறி நின்று வெகு காலமாகிறது. நான் தோளைத் தொட்டுத்தான் கூப்பிடுகிறேன்.

தம்பி தங்கைகளே, பெரிய யோசனை தப்பில்லை. நம் லேபில் டின்னை நசுக்குங்கள், தாராளமாக நசுக்குங்கள். ஆனால் சத்தம் எந்த வழியாக வருகிறது என்று முதலில் பாருங்கள். அது போய்ச் சேரும் காது யாருடையது என்றும் பாருங்கள்.

மீண்டும் கூடுவோம். அட்டெண்டர் அண்ணன் இந்த வருஷம் வந்தால், முதல் வரிசையில் அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள்.